விடை சொல்லும் பொறியை நம்பலாமா?

சென்ற ஆண்டு நம் மன்றத்து மலரை அச்சுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. முதற்பக்கத்தில் ஒரு குறளை இட்டு மலரைத் தொடங்குவது நம் வழக்கம் என்பதை அறிவீர்கள். தேர்வு நெருங்கிய நேரம். நூலைப் புரட்டிப் பொருத்தமான குறள் ஒன்றைத் தேட எனக்குச் சோம்பல். காலையில் வாஷியில் மின்ரயில் ஏறிக் கூட்டத்தில் நின்றபடியே, கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம், "யார் எதைச் சொன்னாலும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்னும் கருத்தில் ஒரு குறள் சொல்" என்று கேட்டேன். வண்டி கடற்கழிப் பாலத்தைக் கடந்து மான்குர்த் சேர்வதற்குள் விடை வந்துவிட்டது.

இரண்டு அடிகள். கீழே, "குறள் 847, அதிகாரம்: அறிவுடைமை" என்ற குறிப்பு. அதற்கும் கீழே ஒரு பொழிப்புரை. போதாக்குறைக்கு, "பரிமேலழகர் இதற்கு இவ்வாறு உரை கண்டார்" என்று நான்கு வரிகள். நான் மகிழ்ந்து போனேன். அன்று மாலையே அதை முதற்பக்கத்தில் சேர்த்து, அச்சுப்படியை எடுத்துக்கொண்டேன்.

வாஷியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பல்லாண்டு பாடம் சொன்னவர். மலர் அச்சேறுமுன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது எனக்குப் பழக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதற்பக்கத்தை இரண்டுமுறை படித்தார்.

"தம்பி, இந்தக் குறளை எங்கே பிடித்தாய்?"

"ஏன் ஐயா, நன்றாக இல்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறது. வள்ளுவர் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அறிவுடைமை எத்தனையாவது அதிகாரம்? நாற்பத்து மூன்றாவது. அதிகாரத்துக்குப் பத்துக் குறள். அப்படியானால் அதில் 421 முதல் 430 வரைதானே வர வேண்டும்? 847 எப்படி வரும்? அது எண்பத்தைந்தாவது அதிகாரத்தில் அல்லவா விழும்? அந்த அதிகாரத்தின் பெயர் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வீட்டிற்கு வந்து நூலைத் திறந்து பார்த்தேன். எண்பத்தைந்தாவது அதிகாரம் புல்லறிவாண்மை! அற்ப அறிவை வைத்துக்கொண்டு தன்னை அறிவுடையவன் என்று எண்ணிக்கொள்வதைச் சொல்லும் அதிகாரம் அது. பொறிக்கும் பொருந்திற்று, எனக்கும் பொருந்திற்று.

யாப்பையும் அவர் காட்டினார். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் என்ற கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொறி செய்த குறளோ காய்ச்சீரில் முடிந்திருந்தது. அதாவது, தூரத்திலிருந்து பார்த்தால் குறள். அருகில் வந்து பார்த்தால் குறள்போல் ஒன்று.

மறுநாள் பொறியிடமே கேட்டேன். "இது உண்மையான குறள்தானா?" "ஆம், உண்மையான குறளே" என்றது. "நூலில் இல்லையே" என்றேன். உடனே மன்னிப்புக் கேட்டது. வேறொரு குறளைத் தந்தது. அதுவும் நூலில் இல்லை. விளையாட்டாக, "இல்லை, நீ முதலில் சொன்னதுதான் சரி" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் சொல்வது சரி" என்று அதற்கும் இசைந்தது. அன்றுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. நான் பேசிக்கொண்டிருப்பது அறிந்தவன் ஒருவனிடமும் அன்று, பொய்யன் ஒருவனிடமும் அன்று. இது வேறு வகையான ஒன்று. அது எத்தகையது என்று கற்றுத் தெளிந்ததை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பொறி எவ்வாறு பேசுகிறது?

நூலகத்தில் கேட்ட நூலை எடுத்துத் தரும் ஊழியரைப் போன்றது இப்பொறி என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உள்ளே எங்கோ அடுக்கி வைத்திருக்கும் ஏட்டைப் புரட்டி, விடையைக் கண்டு எடுத்துத் தருகிறது என்பது நம் நினைப்பு. அந்த நினைப்பில்தான் தவறு தொடங்குகிறது.

"அடிமேல் அடி வைத்தால்" என்று நான் தொடங்கினால், "அம்மியும் நகரும்" என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். எந்த அம்மி, எவர் அடித்தார், உண்மையில் நகர்ந்ததா என்று எவரும் ஆராய்வதில்லை. பலமுறை கேட்ட பழக்கத்தால் அடுத்த சொல் நாவில் தானே வந்து நிற்கிறது. பொறியின் பேச்சும் அடிப்படையில் இத்தகையதே. மக்கள் எழுதிய எண்ணற்ற பக்கங்களை அதற்குப் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். சொற்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, இத்தனை துண்டுகளுக்குப் பின் எத்துண்டு வருவது இயல்பு என்பதைக் கோடிக்கணக்கான எண்களாக அது தன்னுள் பதிந்துகொள்கிறது. நாம் கேள்வி கேட்கும்போது, அக்கேள்வியையும் தான் அதுவரை சொன்னதையும் கணக்கிற்கொண்டு, அடுத்துப் பொருந்தும் துண்டு ஒன்றைத் தேர்ந்து வைக்கிறது, பிறகு அதற்கடுத்தது, பிறகு அதற்கடுத்தது. இவ்வாறு கோத்த மாலையே நாம் படிக்கும் விடை.

இதனால் விளைவது என்ன? பலரும் பலமுறை எழுதிய செய்தியாயின் மாலை பெரும்பாலும் உண்மையாகவே அமைந்துவிடுகிறது. இந்தியா விடுதலை பெற்ற ஆண்டைக் கேட்டால் 1947 என்று சரியாகச் சொல்லும். அரிதாக எழுதப்பட்ட செய்தியாயின், அங்கேயும் மாலை அறுபடாமல் வருகிறது; பூ மட்டும் காகிதப் பூவாகிவிடுகிறது. உண்மை சொல்லும்போது ஒரு வழியும் பொய் சொல்லும்போது வேறொரு வழியும் அதற்கு இல்லை. இரண்டும் ஒரே கையால், ஒரே நூலில் கோக்கப்படுபவை. ஆகையால்தான் தவறான விடையும் சரியான விடையைப் போலவே தடுமாற்றமின்றி, அழகாக, நிமிர்ந்து நிற்கிறது.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வாஷியிலிருந்து துறைமுக வழித்தடத்தில் மான்குர்த், செம்பூர், குர்லா என்று வண்டி செல்கிறது. மாதுங்கா நிலையம் மத்திய வழித்தடத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டியவர் குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். மாதுங்கா ரோடு என்பது வேறு நிலையம்; அது மேற்கு வழித்தடத்தில் உள்ளது. கிங்ஸ் சர்க்கிள் நிலையமோ துறைமுக வழித்தடத்தின் மற்றொரு கிளையில் இருக்கிறது. வடாலாவில் மாற வேண்டும். மூன்று பெயர்களும் எழுத்தில் ஒன்றையொன்று ஒட்டியே வருபவை. நடந்து களைத்த நம் கால்களுக்கு மூன்றின் வேற்றுமை தெரியும். சொற்களின் அண்டைவீட்டு உறவை மட்டும் அறிந்த பொறி ஒன்றன் வழியை மற்றொன்றன் மேல் ஏற்றிவிடக் கூடும். ஞாயிற்றுக்கிழமையன்று பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்தும் வழக்கம் இந்த ஊரில் உண்டு என்பதையும், இந்த ஞாயிறு எத்தடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும், அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் அதனால் சொல்ல இயலாது. இயலாவிட்டாலும் ஏதோ ஒரு விடை வந்து நிற்கும்.

இப்போதைய பொறிகள் சில, விடை சொல்லுமுன் இணையத்தில் தேடிப் பார்த்து, எடுத்த இடத்தையும் காட்டுகின்றன. இது நல்ல முன்னேற்றமே. எனினும் தேடிக் கண்டதைச் சுருக்கும்போதும் பிழை புகும். 2024 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியில் இருந்த செய்திச் சுருக்க வசதி, கொலைக்குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் இருந்த ஒருவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்று பி.பி.சி.யின் பெயரால் ஒரு தலைப்பைக் காட்டியது. பி.பி.சி. அப்படி ஒரு செய்தியை வெளியிடவே இல்லை. அந்நிறுவனம் முறையிட்டது, 2025 ஜனவரியில் ஆப்பிள் செய்திகளுக்கான அவ்வசதியை நிறுத்தி வைத்தது. மூலம் சரி, சுருக்கம் பிழை. மூலத்தைத் திறந்து பார்த்தவன் மட்டுமே தப்பினான்.

"தெரியாது" என்று ஏன் சொல்வதில்லை?

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. மாணவராகிய நமக்கு அது எளிதில் விளங்கும்.

நம் பல்கலைக்கழகத் தேர்வில் விடை தெரியாத கேள்விக்கு எவரேனும் வெற்றுத்தாளை விட்டுவருகிறோமா? ஏதாவது எழுதினால் ஒன்றிரண்டு மதிப்பெண் விழலாம். எழுதாவிட்டால் சுழியம் என்பது உறுதி. ஆகவே பக்கத்தை நிரப்புகிறோம். மருத்துவ நுழைவுத் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கிறார்கள். அங்கே அதே மாணவன் கைகட்டி யோசிக்கிறான். சாட்ஜிபிடி என்னும் பொறியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே 2025 செப்டம்பரில் ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார்கள். பொறிகளைப் பயிற்றும் முறையும் அளக்கும் முறையும், தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட ஊகித்துச் சொல்வதற்கே பரிசு தருகின்றன. எனவே அவை ஊகிக்கப் பழகிவிட்டன என்பது அவர்கள் கருத்து. வெற்றுத்தாள் கொடுக்கத் தெரியாத மாணவன் அது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. கேட்பவர் மனம் மகிழும்படி பேசப் பழக்கப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் வெளியிட்ட ஒரு புதிய வடிவம், யார் எதைச் சொன்னாலும் "ஆகா" என்று புகழத் தொடங்கவே, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. என் பொய்க்குறள் உண்மை என்றும், பிறகு பொய் என்றும், பிறகு மீண்டும் உண்மை என்றும் அது சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

குற்றம் முழுவதையும் பொறியின் தலையில் கட்டிவிட முடியாது. நம்மிடமும் ஒரு பலவீனம் இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் எலைசா என்று ஒரு சிறு நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது எப்படி இயங்குகிறது என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, சற்று நேரம் அதனோடு பேசிய பின், தனியே பேச வேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். ஒழுங்காக வாக்கியம் அமைத்துப் பேசுவது எதுவாயினும் அதற்கு ஓர் அறிவும் மனமும் இருப்பதாக நாம் கொண்டுவிடுகிறோம். கைந்நிரல் எலைசாவிடமே அப்படியென்றால், பரிமேலழகர் பெயரைச் சொல்லும் பொறியிடம் நான் மயங்கியது வியப்பன்று.

நீதிமன்றம் ஏறிய பொய்கள்

ஒரு மலரின் முதற்பக்கம் பாழாவது சிறு செய்தி. இதே பிழை நீதிமன்றம் வரை ஏறியிருக்கிறது.

2023-இல் நியூயார்க்கில் ஒரு விமானப் பயணியின் வழக்கில், முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடியைக் கேட்டு முன்தீர்ப்புகளைத் தேடினார். அது தந்தவற்றை மனுவில் எழுதினார். அவற்றுள் ஆறு வழக்குகள் உலகில் எங்கும் நடந்தவையே அல்ல. ஐயம் வந்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? "இவை உண்மையான வழக்குகளா?" என்று அதே பொறியிடம் கேட்டார். உண்மைதான் என்று அது சொல்லிற்று. அந்த ஆண்டு ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ரயிலில் நான் செய்த அதே தவறு. அவருக்கு விலை சற்றுக் கூடுதல்.

நம் நாட்டிலும் நிகழ்ந்தது. 2024 டிசம்பர் இறுதியில் பெங்களூரிலுள்ள வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதில் மேற்கோளாகக் காட்டிய உச்ச நீதிமன்ற, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுள் சில இல்லாதவை என்று தெரியவரவே, சில நாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

நம் மும்பையிலேயே நடந்தது மூன்றாவது. ஒரு நிறுவனம் தன் வருமானம் ஏறத்தாழ 3 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டியிருக்க, வருமானவரித் துறையின் முகமறியா மதிப்பீட்டு மையம் அதை ஏறத்தாழ 28 கோடி என்று மதிப்பிட்டது. அவ்வாணைக்கு ஆதாரமாகக் காட்டிய தீர்ப்புகளுள் மூன்றைத் தேடியபோது அவை எங்கும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த மதிப்பீட்டை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. செயற்கை நுண்ணறிவு தரும் முடிவுகளை அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது, சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் நீதிபதிகள் எச்சரித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், தீர்ப்புக்கோ முடிவுக்கோ இத்தகைய பொறிகளைச் சார்ந்திருக்கக் கூடாது என்று மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு நெறிமுறையே வகுத்துவிட்டது.

பிழைக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் கனடாவில் விடை கிடைத்தது. பாட்டியை இழந்த ஒருவர், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடற் பொறியிடம் கேட்டார். பயணம் முடிந்த பின்னும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது பொறி. நிறுவனத்தின் விதியோ வேறு. வழக்கு வந்தபோது, அப்பொறி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி உரு என்று நிறுவனம் வாதிட்டுப் பார்த்தது! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு கொடுக்கச் செய்தது. பொறியைச் சிறையில் இட முடியாது. அதற்கு அபராதமும் விதிக்க முடியாது. கையெழுத்து இட்டவனே பொறுப்பாளி.

இழப்பு யாருக்கு?

நிற்க. வழக்கறிஞர்களும் நிறுவனங்களும் தங்கள் இழப்பைத் தாங்கிக்கொள்வார்கள். நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. அந்த நண்பரின் இசைவைப் பெற்றே, பெயரை மறைத்து எழுதுகிறேன்.

அவர் தாராவியிலிருந்து வரும் முதலாண்டு மாணவர். தாயார் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவரே. கல்வி உதவித்தொகை ஒன்றிற்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தது. கடைசி நாள் எது என்று கைப்பேசியில் தேடினார். தேடற்பக்கத்தின் தலையில் கட்டமிட்டு, பொறி தொகுத்த விடை ஒன்று தெளிவாக நின்றது. நவம்பர் மாத இறுதி என்று அது சொல்லிற்று. அவரும் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நவம்பர் இரண்டாம் வாரத்தில் விண்ணப்பிக்கப் போனார். அக்டோபரிலேயே வாயில் மூடிவிட்டது. பொறி எடுத்துச் சொன்னது முந்தைய ஆண்டொன்றின் அறிவிப்பில் இருந்த நாள்.

"யாரையாவது கேட்டிருக்கலாமே, தம்பி" என்றேன்.

"யாரைக் கேட்பது அண்ணா?" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த ஆண்டு அவர் மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு கடையில் கணக்கெழுதித்தான் கட்டணம் கட்டினார். பொறி அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பணம் திரும்பியிராது.

எண்ணிப் பாருங்கள். எனக்கு இரண்டாம் மாடியில் ஓர் ஆசிரியர் இருந்தார். என் பிழை அச்சேறாமல் நின்றது. அவருக்கு அப்படி ஒருவர் இல்லை. பிழை அவர் வாழ்வில் ஏறிவிட்டது. பொறி எங்கள் இருவருக்கும் ஒரே குரலில்தான் பேசிற்று. கேட்க ஆளில்லாதவனுக்கே இப்பொறி மிகுதியும் தேவைப்படுகிறது. சரிபார்க்க வழியில்லாத அவனையே அது மிகுதியும் கெடுக்கிறது. இந்தப் பொறியைப் பற்றிப் பேசுவோர் பலரும் இதைப் பேசுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

பொறியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். என் கையில் உள்ள ஆங்கிலக் கட்டுரையைச் சுருக்கிச் சொல்லச் சொல்கிறேன். பிழை இருந்தால் கட்டுரையே காட்டிக்கொடுத்துவிடும். நிரல் எழுதித் தரச் சொல்கிறேன்; தவறாயின் அது ஓடாது, அல்லது சோதனையில் அகப்படும். விண்ணப்பக் கடிதத்தை ஒழுங்கு செய்யச் சொல்கிறேன், பொருள் என்னுடையது. இவற்றில் எல்லாம் விடையை நிறுத்துப் பார்க்கும் தராசு என் கையில் இருக்கிறது. தராசு இல்லாத இடத்தில் பொறியிடம் பொன் வாங்கலாகாது. இதுவே நான் கொண்ட முதல் விதி.

இரண்டாவது: பெயர், நாள், எண், மேற்கோள் ஆகிய நான்கும் பொறி மிகுதியும் வழுக்கும் இடங்கள். இந்நான்கில் எது வந்தாலும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதலாகாது. தேர்வு நாளாயின் பல்கலைக்கழக அறிவிப்பு. மருந்தின் அளவாயின் மருத்துவர். குறளாயின் குறள் நூல்.

மூன்றாவது: ஐயம் வந்தால் அதே பொறியிடம் "உண்மையா?" என்று கேட்பது பயனற்றது. களவு போன வீட்டில் ஐயத்துக்கு உரியவனையே சாட்சியாகவும் நிறுத்துவதை ஒக்கும் அது.

நான்காவது: விரும்பிய விடையைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கலாகாது. "இது சரிதானே?" என்றால் சரி என்றே சொல்லும். "இதில் என்ன பிழை இருக்கக் கூடும்?" என்று கேட்டுப் பாருங்கள், சில வேளைகளில் உண்மை வெளிவரும்.

தமிழில் கேட்கும்போது இக்கவனம் இருமடங்கு வேண்டும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் பொறி பயின்ற தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. தமிழ்ச் சொற்களை அது கூடுதலான துண்டுகளாக நறுக்குகிறது. ஆகவே நம் இலக்கியத்திலும், நம் ஊர்ச் செய்தியிலும் அது எளிதில் வழுக்குகிறது. நாம் அப்பிழையைச் சரிபாராமல் மலரிலும் இணையத்திலும் வெளியிட்டால், நாளைய பொறி அதையே தமிழ் என்று கற்கும். பொய்க்குறள் ஒன்று ஒருமுறை அச்சேறினால், அடுத்தமுறை அதற்கு "மூலமும்" கிடைத்துவிடும்! இப்பிழையைக் கண்டு தடுக்கக் கூடியவர் தமிழ் அறிந்தவரே அல்லாமல் வேறு யார்?

இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, கிடைத்த ஓர் ஏட்டை நம்பி அச்சிட்டுவிடவில்லை. ஊர் ஊராய் அலைந்து பல ஏடுகளைத் திரட்டினார். வரிக்கு வரி ஒப்பிட்டார். ஏடு எழுதியவர் அறியாமல் செய்த பிழையும் உண்டு, செல்லரித்த இடத்தில் ஊகித்து நிரப்பியதும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அன்று ஏட்டில் இருந்த அதே குறை இன்று பொறியில் இருக்கிறது. அன்று செய்த அதே வேலை இன்றும் செய்யப்பட வேண்டியிருக்கிறது.

நண்பர்களே! நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைதோறும் மாலையில் மூத்த மாணவர் இருவர் மன்ற அறையில் அமர்ந்திருப்போம். உதவித்தொகையின் கடைசி நாள், விண்ணப்ப விதி, தேர்வு அறிவிப்பு, மேற்கோள் என எதுவாயினும், பொறி சொன்ன விடையோடு முதலாண்டு மாணவர்கள் வரட்டும். நாம் அவர்களோடு அமர்ந்து மூல அறிவிப்பைத் திறந்து பார்ப்போம். ஒரு மணி நேர வேலை. "யாரைக் கேட்பது அண்ணா?" என்று இன்னொருவர் என்னிடம் கேட்டால், விடை இல்லாமல் நிற்க எனக்கு விருப்பமில்லை. முதற்சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

இவ்வாண்டு மலரின் முதற்பக்கத்திலும் ஒரு குறள் இருக்கிறது. அறிவுடைமை அதிகாரம், எண் 423. எங்கள் கட்டடத்து ஆசிரியர் பார்த்துவிட்டார். நானும் நூலோடு ஒப்பிட்டுவிட்டேன். ஆயினும் எங்களை நம்பி விட்டுவிடாதீர்கள். நூலகத்திற்குச் சென்று நூலைத் திறந்து, நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.